கரண்டு வைக்கிற நாட்களில் அந்தப் பவுடர் வேண்டுமா?

"ரேடியேஷன் எடுப்பவர்கள் கவனத்துக்கு! இந்த ஆன்டிஆக்சிடன்ட் பவுடரை தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் கதிர்வீச்சு உங்கள் உடம்பை ஒன்றும் செய்யாது. குறைந்தது பத்துப் பேருக்குப் பகிரவும்."

இந்த மாதிரி ஒரு மெசேஜ் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். கூடவே ஒரு லிங்க் இருக்கும். அதைத் தட்டினால் ஒரு டப்பா, பக்கத்தில் பச்சை இலை, நெல்லிக்காய் படம். "இன்றே ஆர்டர் செய்யுங்கள்."

நான் ஆர்டர் செய்தேன். பெரியம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியிருந்த நேரம். நம்ம ஊரில் இதை 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும். கூடவே இருக்க முடியாத குற்ற உணர்வில், ஏதாவது செய்யணும்னு தோன்றி அந்தப் பவுடரை வாங்கி அனுப்பினேன்.

சிகிச்சைக்கு முன்பே டாக்டர் தெளிவாகக் கேட்டிருக்கிறார்: "வேற ஏதாவது மருந்து, மாத்திரை சாப்பிடறீங்களா?" பெரியம்மா சொன்ன பதில்: "சுகர் மாத்திரை மட்டும்தாங்க." பொய் இல்லை. அவங்க கணக்கில் அந்தப் பவுடர் மருந்தே இல்லை. அது ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில், சமையலறை அலமாரியில் இருக்கிற பொருள். இரண்டாவது வாரத்தில் ஒரு நர்ஸ், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்தைப் படித்துப் பார்த்த டாக்டர், சிகிச்சை முடியும்வரை அதை நிறுத்தச் சொன்னார்.

ஏன் நிறுத்தச் சொன்னார்? உடம்புக்கு நல்லதுதானே? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஃபார்வர்டில் இருக்கும் பாதி உண்மை

அந்த மெசேஜ் முழுப் பொய் என்றால் வேலை சுலபம். டெலீட் செய்துவிட்டுப் போகலாம். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல்.

எக்ஸ்-ரே, காமா கதிர் போன்றவை உடம்புக்குள் பாயும்போது நேராகப் போய் செல்லின் டி.என்.ஏ.வைத் தாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி சுற்றுவழி. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். கதிர் அந்தத் தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒன்றின் பெயர் ஹைட்ராக்சில் ராடிக்கல். ஒரு எலக்ட்ரான் குறைந்த அரைகுறைத் துண்டு அது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அது அறுபடும். எக்ஸ்-ரேயும் காமா கதிரும் டி.என்.ஏ.வுக்குச் செய்யும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சுற்றுவழியில்தான் நடக்கிறது.

ஆன்டிஆக்சிடன்ட் என்பது இந்த மாதிரித் துண்டுகளுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கும் பொருள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் எல்லாம் இந்த வகை. நம் உடம்பே குளூட்டாதயோன் என்ற ஒன்றைத் தயாரித்து ஒவ்வொரு செல்லிலும் வைத்திருக்கிறது. ஆக, 'கதிர் ராடிக்கலை உண்டாக்குது, ஆன்டிஆக்சிடன்ட் ராடிக்கலை அடக்குது' என்ற இரண்டு வாக்கியமும் சரி. இரண்டையும் சேர்த்து 'அதனால் பவுடர் சாப்பிடுங்கள்' என்கிற மூன்றாவது வாக்கியத்தில்தான் தப்பு நடக்கிறது.

முதல் தப்பு, நேரக் கணக்கு. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் ஒன்றிரண்டு துண்டு. அதற்குள் அது நகரும் தூரம் சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் அளவு. எனவே அதை அடக்க வேண்டிய பொருள், கதிர் பாயும் அந்தக் கணத்தில், டி.என்.ஏ.வுக்கு ஒட்டினாற்போல, ஏராளமாக இருக்க வேண்டும். காலையில் பாலில் கரைத்துக் குடித்த இரண்டு ஸ்பூன் பவுடர் செரித்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரலைத் தாண்டி, அந்த இடத்தில் அந்த அளவில் போய் நிற்பது நடக்கிற காரியம் இல்லை.

இது முடியவே முடியாதா என்றால், முடியும். அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தது. அணுகுண்டுப் போர் வந்தால் சிப்பாய்களைக் காப்பாற்ற ஒரு மருந்து வேண்டும் என்று 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் தேறியது அமிஃபோஸ்டின். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு எச்சில் சுரப்பி வறண்டுபோவதைக் குறைக்க 1999-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதை வாயில் போட்டு விழுங்க முடியாது. ஒவ்வொரு நாளும் கதிர் கொடுப்பதற்குச் சற்று முன்பு, 15 முதல் 30 நிமிட இடைவெளிக்குள், நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். வாந்தி வரும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டும். நிஜமாகவே வேலை செய்கிற ஒன்றுக்கு இவ்வளவு பாடு. டப்பாவில் வருகிற பவுடர் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும் என்பதை நம்பத்தான் நம்மைச் சொல்கிறார்கள்.

காப்பாற்றக் கூடாததையும் காப்பாற்றினால்?

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. பவுடர் வேலை செய்யவில்லை என்றால் பணம்தான் போச்சு. வேலை செய்துவிட்டால்?

கதிர்வீச்சு சிகிச்சை என்பதே அந்த ராடிக்கல்களை வைத்துப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதுதான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், ஆறேழு வாரங்களில் 60 முதல் 70 கிரே வரை கொடுக்கிறார்கள். கிரே என்பது திசு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. இதில் ஆக்சிஜனுக்கும் ஒரு பங்கு உண்டு. ராடிக்கல் வெட்டிய இடத்தில் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொண்டால் அந்த வெட்டு நிரந்தரமாகிவிடும். செல்லால் சுலபமாகச் சரிசெய்துகொள்ள முடியாது. ரத்த ஓட்டம் இல்லாமல் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் கட்டியின் செல்களைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு கதிர் தேவைப்படும் என்பது டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த தலைவலி. இந்த நிலையில் அந்த வெட்டுகளை ஆற்றிவிடும் பொருளை வெளியிலிருந்து நாமே ஊட்டினால், அது நல்ல செல் எது, கட்டி எது என்று பார்த்தா போகும்?

இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ தினமும் 400 யூனிட், பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராம். இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே பீட்டா கரோட்டினை மட்டும் நிறுத்தும்படி ஆனது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். முடிவுகள் 2005-ல் வெளியாகின.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. ஃபார்வர்ட் அனுப்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே ஆய்வில், சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது அதிகமாகும் போக்கும் தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே நோயாளிகளின் விவரங்களை மறுபடி அலசியபோது, சிகிச்சை நாட்களிலும் புகையை விடாதவர்களிடம் நோய் திரும்புவதும் உயிரிழப்பும் அதிகமாகியிருந்தது தெரியவந்தது. வாய்ப்புண் குறைந்ததற்குக் கொடுத்த விலை இதுவாக இருந்தால், அந்த வியாபாரம் நமக்குக் கட்டுப்படியாகாது.

400 யூனிட் வைட்டமின் ஈ என்பது ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்துச் சரக்கு என்று நினைக்காதீங்க. முகத்திலும் முடியிலும் தடவ மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறோமே பச்சை கேப்ஸ்யூல், அதுவும் 400 என்ற அளவில் கிடைக்கிறது.

பீட்டா கரோட்டினை ஏன் நிறுத்தினார்கள்? அது கதிர்வீச்சு பற்றிய கதை இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பழம், காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து, பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் கொடுத்து நடந்த இன்னொரு ஆய்விலும் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். அதை 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கேரட்டில் இருக்கும்போது சாதுவாக இருந்தது மாத்திரையில் வேறு முகம் காட்டியது. எனக்கு இதைப் படித்தபோது நான் ஆர்டர் செய்த டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது.

எல்லா ஆன்டிஆக்சிடன்டும் எல்லாக் கட்டிக்கும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டாக்டர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் சிகிச்சை நடக்கும் வாரங்களில், அதிக அளவு சத்து மாத்திரை, பவுடர், கேப்ஸ்யூலை நாமாக ஆரம்பிக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. மறுபக்கமும் ஒன்று: ரத்தத்தில் குறைபாடு பார்த்து டாக்டரே எழுதிக் கொடுத்த வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்போ நெல்லிக்காயும் வேண்டாமா?

வேண்டும். சாப்பாட்டில் வருகிற சத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கீரை, கேரட், தக்காளி, கொய்யா, குழம்பில் போடும் மஞ்சள் எதுவும் அந்த 400 யூனிட் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. மஞ்சளையே சாறெடுத்துக் கேப்ஸ்யூலாக விற்பது வேறு கணக்கு. அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் வரும்.

உண்மையில் வாய், தொண்டைக்குக் கதிர்வீச்சு எடுப்பவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வருகிற பிரச்சினை வேறு. வாயெல்லாம் புண்ணாகிவிடும். அப்போது நெல்லிக்காய், ஆரஞ்சு எல்லாம் சுரீரென்று எரியும். பெரியம்மா தக்காளி ரசத்தைக்கூடத் தள்ளிவிட்டார். குழைந்த சாதத்தில் பருப்பு, மிருதுவாக வேகவைத்த முட்டை, ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், பால், பாயசம் என்று இறங்குவதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுகர் இருந்தால் இனிப்பை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சொல்லித்தரும் உப்பு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலைப் பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

எடை குறையாமல் பார்த்துக்கொள்வதற்கு நாம் நினைக்காத ஒரு காரணமும் இருக்கிறது. தலை, கழுத்து அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் வலை செய்வார்கள். அதை மாட்டித்தான் தினமும் ஒரே இடத்தில் கதிரைக் குறிவைக்கிறார்கள். ஆள் மெலிந்தால் வலை தளர்ந்துவிடும், குறி நகரும். சில சமயம் மறுபடி ஸ்கேன் எடுத்து, வலை செய்து, கணக்குப் போட வேண்டிவரும். ஒரு தம்ளர் பால் அந்த வாரங்களில் செய்கிற உதவியைப் பவுடரால் செய்ய முடியாது என்று இப்போது நம்புகிறேன்.

எக்ஸ்-ரே, ஸ்கேன், செல்போன்

இதே பவுடரை வேறு பயங்களுக்கும் விற்கிறார்கள். அதனால் இவற்றையும் பார்த்துவிடுவோம்.

ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் கிடைக்கும் கதிர் 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது அரிது. மண், காற்று, வானம் என இயற்கையிலிருந்தே உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. தோரியம் கலந்த கடற்கரை மணல் இருக்கும் இடங்களில் இது இன்னும் அதிகம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும், கேரளத்தின் கருநாகப்பள்ளியும் அப்படிப்பட்டவை. கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. எனவே ஒரு எக்ஸ்-ரேக்காகப் பவுடர் தேவையில்லை. சி.டி. ஸ்கேன் அளவில் பெரியது, பல மில்லிசீவர்ட் வரும். அதற்கும் வழி பவுடர் இல்லை: பழைய ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுபோங்க, தேவையில்லாமல் மறுபடி எடுப்பது மிச்சமாகும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செல்போன் வேறு ஜாதி. அதன் அலைக்குத் தண்ணீர் மூலக்கூறை உடைக்கும் சக்தி கிடையாது. கண்ணால் பார்க்கிற வெளிச்சத்துக்குக்கூட அதைவிடச் சக்தி அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது உண்மை. அந்தச் சந்தேகம் இருந்தால் இயர்போனில் பேசுங்க, பேச்சைச் சுருக்குங்க. உங்கள் போனில் *#07# என்று டயல் செய்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் எஸ்.ஏ.ஆர். என்று ஓர் எண் வரும். இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது.

கூடங்குளம், கல்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் அயோடின் மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆன்டிஆக்சிடன்ட் இல்லை. விபத்தில் கதிரியக்க அயோடின் வெளியானால் தைராய்டு சுரப்பி அதை உறிஞ்சாமல் இருக்க, நல்ல அயோடினால் முன்கூட்டியே அதை நிரப்பி வைக்கிற ஏற்பாடு. தைராய்டை மட்டும், அந்த ஒரு பொருளிடமிருந்து மட்டும் காக்கும். அரசு அறிவித்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

போனை எடுத்துச் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கப்போகிறது என்றால், இன்றைக்கே அலமாரியைத் திறந்து அவர் வாயில் போடுகிற எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மாத்திரை அட்டை, சத்து பவுடர், லேகியம், கஷாயப் பொடி, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கேப்ஸ்யூல், எல்லாம். டப்பாவின் முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம்தான் முக்கியம். டாக்டரிடம் "மருந்து எதுவும் இல்லை" என்று சொல்வதற்குப் பதில் அந்தப் போட்டோக்களைக் காட்டுங்கள். சித்தா, ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம். யாரும் திட்ட மாட்டார்கள்.

பின்பக்கத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். சத்துப் பொருள் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று, பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விளம்பரத்தில் கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்கிறவர்கள்தான் டப்பாவில் இதையும் அச்சிடுகிறார்கள். 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உணவுப் பொருளாக இருந்தால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ புகார் கொடுங்கள்.

செலவைப் பற்றிய கவலை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகலாம். விவரம் கேட்க 1800 425 3993 கட்டணமில்லா எண். பொதுவான மருத்துவச் சந்தேகங்களுக்கு 104.

பெரியம்மாவுக்கு 33 நாள் சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போகிறார். டப்பாவில் முக்கால்வாசி பவுடர் அப்படியே மிச்சம். "வீணாப் போகுதேடா, நீயாவது கரைச்சுக் குடியேன்" என்று போன வாரம்கூட போனில் சொன்னார்.